பள்ளி மார்க்கைக் கேட்காத வாசல்

மார்ச் மாதக் கடைசியில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் பேச்சுக் குறைந்துவிடும். யூசி வளாகங்களின் முடிவுகள் ஒவ்வொன்றாக வரும் நேரம் அது. யூசி என்பது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ முதலிய வளாகங்களைக் கொண்ட மாநிலப் பல்கலைக்கழகம். பத்தாம், பதினோராம் வகுப்பில் இரண்டு மூன்று பாடங்களில் ‘சி’ வாங்கிய பிள்ளைக்குப் பெரிய வளாகங்களிலிருந்து வருவது பெரும்பாலும் மறுப்புதான். பிளஸ் டூ மார்க் போனால் எல்லாம் போச்சு என்று கேட்டே வளர்ந்த தலைமுறை நாம். அதனால் பிள்ளையைவிடப் பெற்றோர்தான் அதிகம் உடைந்துபோகிறார்கள்.

அந்தப் பயம் முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே பொருந்தும். அதே பல்கலைக்கழகத்துக்கு இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டு அரசுக் கல்லூரியில் 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) முடித்துவிட்டு, நேராக மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம்; இதற்கு ட்ரான்ஸ்ஃபர் என்று பெயர். டிப்ளமோ முடித்தவர்கள் பி.ஈ. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரியாகச் சேருவது நமக்குத் தெரியும், ஏறக்குறைய அதுபோலத்தான். ஆனால் இங்கே இது ஓரத்தில் கிடக்கும் சின்னக் கதவு இல்லை. 1960-இல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 40 பங்கு, கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு 60 பங்கு என்ற விகிதத்தில் மாணவர்களை வைத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கூடுதல் இடங்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து ஆள் வர வேண்டும் என்பது அதன் கணக்கு.

இந்த வாசலில் யூசி பார்ப்பது கல்லூரி மார்க்கை. பள்ளி ஜிபிஏவை (நான்குக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் சராசரி) ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுப்பதில்லை. எஸ்ஏடி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்பதில்லை. சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் உள்ள 116 கம்யூனிட்டி காலேஜ்களில் எதற்கும் நுழைவுத் தகுதி என்று ஒன்று கிடையாது. பள்ளி முடித்திருந்தால் போதும். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகும். யூசியிலோ ஓராண்டுக் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய 15,000 டாலர்.

இதையெல்லாம் கேட்டதும் ‘அப்படியானால் இரண்டு வருஷம் படித்துவிட்டு விண்ணப்பிக்கலாம்’ என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் பலருக்கும் தவறிப்போகிறது. விண்ணப்பம் போவது இரண்டாம் ஆண்டு நவம்பரில். அப்போது கையில் இருப்பது முதலாம் ஆண்டின் இரண்டு பருவங்களும் ஒரு கோடைப் பருவமும்தான். அந்த முதல் ஆண்டில் எந்தப் பாடங்களை எடுப்பது என்பதோ, கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே முடிவாகிவிடும் விஷயம். நவம்பரில் எழுதும் கட்டுரைகளுக்காகத் தலையை உடைத்துக்கொள்கிறவர்கள், ஆகஸ்டில் போட வேண்டிய பாடத் திட்டத்துக்கு அரை மணி நேரம்கூடச் செலவிடுவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். பள்ளியின் அசதியோடு வந்த மாணவர், முதல் பருவத்தில் 12 யூனிட் எடுத்து சராசரியாக ‘சி’ வாங்குகிறார் என்று வையுங்கள். ஒரு யூனிட்டில் ‘ஏ’வுக்கு 4 புள்ளி, ‘சி’க்கு 2 புள்ளி என்பதால், 12 யூனிட்டுக்கு 24 புள்ளி. அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு, வசந்தப் பருவத்தில் 15 யூனிட்டை 3.8 சராசரியில் முடிக்கிறார்: 57 புள்ளி. கோடையில் 6 யூனிட், எல்லாம் ‘ஏ’: 24 புள்ளி. ஆக 33 யூனிட்டுக்கு 105 புள்ளி. ஜிபிஏ 3.18. முதல் பருவத்திலும் அவர் 3.8 எடுத்திருந்தால் இதே இடத்தில் 3.84-இல் இருப்பார். ஒரே ஒரு பருவத்தின் வித்தியாசம் இது. இரண்டாம் ஆண்டு இலையுதிர்ப் பருவத்து மார்க் வந்ததும், ஜனவரியில் யூசி கேட்கும் கல்வி அப்டேட்டில் அதைச் சேர்க்கலாம். இன்னொரு 15 யூனிட்டை 3.8-இல் முடித்தாலும் 48 யூனிட்டுக்கு 3.375 வரைதான் ஏறும்.

அதனால் முதல் பருவத்தில் 12 யூனிட் போதும். 17, 18 என்று அடுக்கிக்கொண்டு ‘சீக்கிரம் முடித்துவிடலாம்’ என்று ஓடுவது, பள்ளியில் சறுக்கியவர்கள் செய்யவே கூடாத காரியம். ஓர் ஆங்கிலம், ஒரு கணிதம், விருப்பமுள்ள ஒரு பொதுப் பாடம், கல்லூரியில் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் சின்ன கவுன்சலிங் கோர்ஸ் ஒன்று. இவ்வளவு எடுத்து, எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கினால் அடித்தளம் விழுந்துவிடும்.

பாடத் திட்டம் போடும் இடம் அசிஸ்ட் என்ற மாநிலத் தளம். கல்வியாண்டு, இப்போது படிக்கும் கம்யூனிட்டி காலேஜ், போக விரும்பும் வளாகம், மேஜர் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) ஆகிய நான்கையும் கொடுத்தால், அந்தக் கல்லூரியின் எந்தக் கோர்ஸ் இந்த வளாகத்தின் எந்தக் கோர்ஸுக்குச் சமம் என்று இரண்டு பத்தியாகக் காட்டும். வலது பத்தியில் உங்கள் கல்லூரிக் கோர்ஸ். இடது பத்தியில் யூசி கேட்பது. அதை ஒரு வளாகத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது. குறைந்தது நான்கு வளாகங்களுக்கு எடுத்து, ஒரு தாளில் கோர்ஸ்களை வரிசையாகவும் வளாகங்களைக் கட்டங்களாகவும் எழுத வேண்டும். நான்கிலும் வரும் கோர்ஸ்களை முதலில் எடுங்கள். ஒன்றில் மட்டும் வருவது கடைசிக்குப் போகட்டும்.

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் தேவை வேறாக இருக்கும். பெர்க்லியிலேயே பொறியியல் கல்லூரியின் கீழ் வரும் மின்பொறியியல்–கணினி அறிவியல் மேஜருக்கு இயற்பியல் வேண்டும். கணினி அறிவியல் பி.ஏ.வுக்கு இயற்பியல் வேண்டாம். யுசிஎல்ஏவில், அதாவது லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், கணினி அறிவியலே பொறியியல் பள்ளியில்தான் இருக்கிறது, அங்கே இயற்பியல் உண்டு. ‘எப்படியாவது ஏதோ ஒரு மேஜரில் உள்ளே போய்விட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம்’ என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் நுழைகிறவருக்குக் கூட்டம் அதிகமுள்ள மேஜர்களுக்குள் மாறும் வழி அநேகமாகக் கிடையாது. விண்ணப்பத்தில் எழுதும் மேஜர்தான் படிக்கப்போகும் மேஜர்.

இனி, இந்தப் பயணத்தின் முதுகெலும்பான கணிதச் சங்கிலி. பொறியியல், கணினி, இயற்பியல் என்று போகிறவருக்கு முதல் கால்குலஸ், இரண்டாம் கால்குலஸ், பல மாறிக் கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். மூன்று கால்குலஸிலும் முன்னது முடிக்காமல் பின்னதில் உட்கார முடியாது. கால்குலஸ் சார்ந்த இயற்பியல் கோர்ஸ்களும் பெரும்பாலும் முதல் கால்குலஸ் முடித்த பிறகுதான் தொடங்கும், அவை மூன்று பருவம் நீளும். முதல் பருவத்தில் ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய தயாரிப்புக் கணிதம்), வசந்தத்தில் முதல் கால்குலஸ், கோடையில் இரண்டாவது, அடுத்த இலையுதிரில் மூன்றாவதும் முதல் இயற்பியலும், கடைசி வசந்தத்தில் மீதிக் கணிதமும் இரண்டாம் இயற்பியலும் என்று போட்டுப் பாருங்கள். மூன்றாம் இயற்பியலுக்கு இடமே இல்லை. பெர்க்லி, யுசிஎல்ஏ போன்ற இடங்களில் தேவையான கோர்ஸ்கள் சேர்வதற்கு முந்தைய வசந்தப் பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசிக் கோடையில் முடித்துக்கொள்கிறேன் என்றால் கேட்க மாட்டார்கள். ப்ரீகால்குலஸில் தொடங்கும் பொறியியல் மாணவருக்கு இது மூன்றாண்டுத் திட்டம். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் அவசரமும் இருக்காது, அவமானமும் இருக்காது. பொருளாதாரம், உளவியல், அரசியல் அறிவியல் போகிறவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு, இரண்டாண்டே போதும்.

இதில் சமீபத்திய மாற்றம் ஒன்றையும் கவனியுங்கள். முன்பெல்லாம் நுழைவில் ஒரு தேர்வு வைத்து, பலவீனமானவர்களை அடிப்படைக் கணிதத்தில் உட்கார வைப்பார்கள். 2017-இல் வந்த ஏபி 705 சட்டம் அந்த வழக்கத்தை நிறுத்தியது. அதன் தொடர்ச்சியான ஏபி 1705-ஆல், 2025 இலையுதிர்ப் பருவத்திலிருந்து அறிவியல், பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோரைக் கல்லூரிகள் நேராக முதல் கால்குலஸிலேயே சேர்க்கின்றன. ஒரு வருஷம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் பள்ளியில் ஆல்ஜீப்ராவை அரைகுறையாக விட்டவருக்கு முதல் வாரமே மூச்சு முட்டும்.

கால்குலஸில் தோற்கிறவர்கள் கால்குலஸில் தோற்பதில்லை. முதல் தேர்வில் வருகிற ஒரு சாதாரணக் கேள்வி இது: எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது (√(எக்ஸ் + 9) − 3) ÷ எக்ஸ் எதை நெருங்கும்? பூஜ்யத்தை அப்படியே போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். மேலேயும் கீழேயும் √(எக்ஸ் + 9) + 3 ஆல் பெருக்க வேண்டும். மேலே எக்ஸ் + 9 − 9, அதாவது வெறும் எக்ஸ் மிஞ்சும். கீழே இருக்கும் எக்ஸோடு அது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 1 ÷ (√(எக்ஸ் + 9) + 3). இப்போது பூஜ்யத்தைப் போட்டால் 1/6. இதில் கால்குலஸ் என்று சொல்லத்தக்கது ‘நெருங்கும்போது’ என்ற ஒரு சொல்தான். மீதி முழுக்க ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆல்ஜீப்ரா. பின்னங்கள், அடுக்குகள், மடக்கை, முக்கோணவியல் முற்றொருமைகள் நான்கையும் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தினம் ஒன்றரை மணி நேரம் கையால் போட்டுப் பழகிவிட்டு ஆகஸ்டில் போகட்டும். கால்குலஸோடு சேர்த்து நடத்தப்படும் துணைக் கோர்ஸ் இருந்தால் அதையும் எடுக்கட்டும். அதில் குறைவு எதுவும் இல்லை.

யூசி கேட்கும் குறைந்தபட்சம் என்று பார்த்தால் ஏழு கோர்ஸ்கள்: ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் இரண்டு, கணிதம் ஒன்று, கலை–ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பிரிவுகளிலிருந்து நான்கு. ஒவ்வொன்றிலும் ‘சி’ அல்லது அதற்கு மேல். ‘சி மைனஸ்’ எடுபடாது. மாநிலவாசிக்கு 2.4, வெளியாருக்கு 2.8 ஜிபிஏ என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே; அதை வைத்துக்கொண்டு பெரிய வளாகங்களில் இடம் கிடைக்காது. இதற்கு மேல் கால்-கெட்ஸி என்ற 11 கோர்ஸ், 34 யூனிட் பொதுக்கல்விப் பட்டியல் ஒன்றும் 2025 இலையுதிரிலிருந்து பழைய ஐகெட்ஸிக்குப் பதிலாக வந்திருக்கிறது. கலைப் பாடங்களுக்குப் போகிறவர்கள் அதை முடித்துக்கொண்டு போனால் உள்ளே சுமை குறையும். பொறியியலுக்குப் போகிறவர்கள் அதைத் துரத்திக்கொண்டு மேஜர் கோர்ஸ்களைக் கோட்டைவிடக் கூடாது.

சரி, ஒரு கோர்ஸ் கைமீறிப் போகிறது. என்ன செய்வது? ஏறக்குறைய முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பதிவு) தடமே இருக்காது. அதற்குப் பிறகு பருவத்தின் முக்கால் பங்கு முடியும்வரை விலகினால் ‘டபிள்யூ’ விழும். அது ஜிபிஏவில் சேராது. ஓரிரண்டு டபிள்யூ யாரையும் கெடுத்ததில்லை. மேஜருக்கான கணிதத்திலேயே வரிசையாக மூன்று விழுந்தால்தான் கேள்வி வரும். ஒரே கோர்ஸில் பொதுவாக மூன்று முறைதான் சேர முடியும், டபிள்யூவும் அந்த மூன்றில் ஒன்றாகக் கணக்காகும். மிக மோசமானது, எதுவும் செய்யாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொள்வது. போகாமல் இருந்தாலே பேரை எடுத்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பேராசிரியர் எடுக்காமல் விட்டால் பருவ முடிவில் ‘எஃப்’ வந்து உட்காரும். பள்ளியில் சோர்ந்துபோன பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அதிகம் விழுகிறார்கள். காரணம் படிப்பு வராதது அல்ல, சொல்ல வெட்கம். ‘கஷ்டமாக இருந்தால் பத்தாவது வாரத்துக்குள் சொல்லு, விலகிக்கொள்ளலாம், யாரும் திட்டமாட்டோம்’ என்று வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், அந்த ‘எஃப்’ வராமல் தடுக்கலாம்.

‘டி’, ‘எஃப்’ விழுந்துவிட்டாலும் வழி இருக்கிறது. அதே கோர்ஸை மறுபடி எடுத்து நல்ல மார்க் வாங்கினால், யூசி புதிய மார்க்கையே கணக்கில் எடுக்கும். ‘சி’ வாங்கியதை மேலும் ஏற்றுவதற்காக மறுபடி எடுத்தால் பயனில்லை. அதனால்தான் பருவத்தின் முக்கால்வாசியில் ‘சி’யா ‘டபிள்யூ’வா என்ற முடிவு அவ்வளவு முக்கியம். மேஜருக்கான கோர்ஸில் ‘சி’ வரப்போகிறது என்று தெரிந்தால், டபிள்யூ வாங்கிக்கொண்டு அடுத்த பருவத்தில் ‘ஏ’ எடுப்பது பல நேரங்களில் நல்லது. அந்த ‘சி’யை அப்புறம் அழிக்க முடியாது. பழைய மோசமான பருவத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் அகடமிக் ரினீவல் என்ற ஏற்பாடும் கம்யூனிட்டி காலேஜ்களில் உண்டு. கல்லூரி அதை முறைப்படி டிரான்ஸ்கிரிப்டில் பதிந்திருந்தால் யூசி ஏற்கும். அப்படி நீக்கப்பட்ட கோர்ஸ்களையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கோடையில் டி ஆன்சா, ஓலோனி போன்ற கம்யூனிட்டி காலேஜில் ஒரு கோர்ஸில் சேர்த்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது பள்ளிக் கணக்கில் மட்டும் சேரும் விஷயம் அல்ல. 15 வயதில் அங்கே வாங்கிய ‘சி’யும் கல்லூரி மார்க்தான், ட்ரான்ஸ்ஃபர் ஜிபிஏவில் அதுவும் சேரும். பள்ளி மார்க்கைக் கேட்காத இந்த வாசலில், பள்ளி நாளிலிருந்து கூடவே வரும் ஒரே மார்க் இது. எத்தனையோ பேர் 19 வயதில் விண்ணப்பம் எழுதும்போதுதான் அதை நினைவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

செமஸ்டர் (ஆண்டுக்கு இரண்டு பருவம்), குவார்ட்டர் (ஆண்டுக்கு மூன்று குறும்பருவம்) கலப்பும் காலை வாரும். டி ஆன்சா, ஃபுட்ஹில் குவார்ட்டர் முறை. ஓலோனி, டயாப்ளோ வேலி போன்றவை செமஸ்டர் முறை. 60 செமஸ்டர் யூனிட் என்பது 90 குவார்ட்டர் யூனிட். முதல் கால்குலஸைச் செமஸ்டர் கல்லூரியில் முடித்துவிட்டு, நேரம் ஒத்துவருகிறதென்று அடுத்ததைக் குவார்ட்டர் கல்லூரியில் எடுத்தால், இரண்டுக்கும் நடுவே சில அத்தியாயங்கள் விடுபட்டுப்போகும். அசிஸ்டில் ‘இந்த இரண்டும் சேர்ந்து அந்த இரண்டுக்குச் சமம்’ என்று தொடராகக் காட்டப்பட்டிருந்தால், அந்தத் தொடரை ஒரே கல்லூரியில் முடிப்பதே நல்லது. பொதுப் பாடங்களை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வகுப்பில் இடம் கிடைப்பதும் ஒரு போராட்டம். புதிய மாணவர்களுக்குப் பதிவுத் தேதி கடைசியில்தான் வரும். அறிமுக வகுப்பையும் கவுன்சிலரோடு போடும் கல்வித் திட்டத்தையும் முடித்தவர்களுக்குத் தேதி முன்னால் கிடைக்கும், அதனால் இரண்டையும் மே, ஜூனிலேயே முடித்துவிட வேண்டும். வகுப்பு நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பேரைப் போட்டுவிட்டு, முதல் நாள் நேரில் போய் உட்கார வேண்டும். வராதவர்கள் இடத்துக்குப் பேராசிரியர் சேர்க்கைக் குறியீடு தருவார். நேரில் இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். கவுன்சிலரிடம் கிடைப்பது அரை மணி நேரம் என்பதால், அந்த அசிஸ்ட் தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள். ‘என்ன எடுக்கலாம்?’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘இந்த நான்கு வளாகங்களுக்கு இந்த வரிசை சரியா, இதில் எது விட்டுப்போயிருக்கிறது?’ என்று கேட்டால் அவரும் உட்கார்ந்து பார்ப்பார்.

பள்ளியில் அடிபட்டு வந்தவர்களுக்கு மனத்தெம்பு தரும் ஏற்பாடு டேக் எனப்படும் உத்தரவாதச் சேர்க்கை. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்ற ஆறு வளாகங்கள் இதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் இது இல்லை. குறிப்பிட்ட ஜிபிஏவும் கோர்ஸ்களும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே மனு போட முடியும், ஒரு வளாகத்துக்கு மட்டுமே. அப்போது 30 யூனிட் கையில் இருக்க வேண்டும். எல்லா மேஜருக்கும் கிடையாது. சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி டேக் ஏற்பதில்லை. செப்டம்பரில் இதைப் போட்டவர்கள் பிறகு வழக்கமான விண்ணப்பத்தையும் போட வேண்டும், அதில் அந்த வளாகத்தையும் அதே மேஜரையும் சேர்க்கவும் வேண்டும். மறந்தால் உத்தரவாதம் செல்லாது. டேக் கையில் இருந்தால் மீதி மூன்று வளாகங்களுக்குத் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.

வழக்கமான விண்ணப்பத்தை அக்டோபரிலிருந்து அனுப்பலாம், நவம்பர் கடைசியை ஒட்டிக் கெடு முடியும். வளாகத்துக்கு 80 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நான்கு வளாகங்கள் வரை விலக்கு உண்டு. நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். ஒன்று கட்டாயம்: தேர்ந்த மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. மற்ற மூன்றை ஏழிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். இங்கே பலரும் செய்யும் பிழை, பள்ளியில் ஏன் மார்க் குறைந்தது என்று 350 சொல்லும் விளக்குவது. கேட்காத மார்க்குக்குச் சமாதானம் எதற்கு? அந்த இடத்தில் தரவுக் கட்டமைப்பு வகுப்பில் எழுதிய நிரல் எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்றோ, புள்ளியியல் வகுப்புத் தரவை வைத்து எதைச் சோதித்துப் பார்த்தார் என்றோ எழுதினால் அது வேலை செய்யும். கல்லூரியிலேயே ஒரு பருவம் சறுக்கியிருந்தால், கூடுதல் குறிப்புப் பகுதியில் நாலைந்து வரியில் காரணத்தையும் பிறகு மாற்றிக்கொண்டதையும் சொன்னால் போதும்.

தனியார் பல்கலைக்கழகங்களின் வழி வேறு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், கார்னெல் போன்றவை ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களை நிறையவே எடுக்கின்றன. ஆனால் பள்ளி டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கும். கல்லூரி யூனிட்கள் கூடக்கூட பள்ளி மார்க்கின் எடை குறையும், முழுக்கப் போகாது. பள்ளிப் பதிவு பலவீனமாக இருப்பவர் ஓராண்டு முடிந்ததும் அங்கே விண்ணப்பிப்பதைவிட, இரண்டாண்டு முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் வயதையும் பார்க்க வேண்டும். ஹெச்-4-இல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அந்த நிலை முடிந்துவிடும். மூன்றாண்டுத் திட்டம் போட்டால், யூசியில் சேரும் வேளையில் அந்தப் பிறந்தநாள் வந்து நிற்கும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் மாநிலவாசிக் கட்டணம் கைவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. வெளியார் என்றால் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் மேல் கூடுதல் கட்டணம் உண்டு. கால்குலஸ் வரிசையைத் தீர்மானிக்கும் அதே வாரத்தில் கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்திலும் ஒரு வக்கீலிடமும் பேசிவிடுங்கள்.

ஏப்ரல் கடைசிக்குள் முடிவுகள் வரும், ஜூன் 1-க்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். கடிதம் வந்தும் வேலை முடியவில்லை. அது நிபந்தனையோடு வந்த இடம். கடைசி வசந்தப் பருவத்தில் எடுப்பதாகச் சொன்ன கோர்ஸை எடுத்து, ‘டி’, ‘எஃப்’ இல்லாமல் முடிக்க வேண்டும். மே மாதத்தில் சோர்ந்துபோய் ஒரு கோர்ஸை விட்டுவிட்டு, வளாகத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததால் இடத்தை இழந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். மாற்றம் எதுவானாலும் அன்றே எழுதித் தெரிவியுங்கள். ஜூலை 1-க்குள் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும், பத்தாம் வகுப்புக் கோடையில் ஒரே ஒரு கோர்ஸ் எடுத்த அந்தக் கல்லூரியிலிருந்தும்.